டிஸ்க் மாற்றிய பிறகு பின் சில்லு விடாமல் பிடிக்கிறதா? கோளாறைத் தேடும் முறை

ட்ரம் பிரேக்கைக் கழற்றிவிட்டுப் பின் சில்லுகளுக்கு டிஸ்க் பூட்டிய வாகனம், கராஜ் வாசலில் ஓட்டிப் பார்க்கும்போது பெரும்பாலும் குறை சொல்ல முடியாதபடி நிற்கும். கோளாறு வெளியே தெரிவதற்கு ஓட்டமும் சூடும் வேண்டும். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் சுமார் 40 கிலோமீற்றர் வீதியில், கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று ஊருக்கு ஊர் மஞ்சள் கடவையிலும் சந்தையடியிலும் பிரேக்கை மிதித்து மிதித்துப் போனால், பாதி வழியிலேயே பின்பக்கத்திலிருந்து கருகல் மணம் வரத் தொடங்கும். மலைநாட்டில் ஓடுபவருக்கு, இறக்கத்தில் வாகனம் தானாக உருளாததைக் கண்டவுடன் விளங்கிவிடும். எங்கள் பக்கத்து மட்டமான வீதியிலோ எஞ்சின் இழுத்துக்கொண்டே போவதால், பெற்றோல் கூடுதலாகக் குடிக்கிறதே என்று கவலைப்படுவோமே தவிர, பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று நினைக்கமாட்டோம்.

என்னுடைய பழைய காருக்கு இந்த மாற்றத்தைச் செய்வித்தபோது நானும் இப்படித்தான் ஏமாந்தேன். ஒரு சோடி பிரேக் பேட் இரண்டு மாதத்தில் தேய்ந்தது. பேட்டின் தரம் சரியில்லை என்று வேறு சோடி வாங்கிப் போட்டேன், அதுவும் போனது. பிறகு பேட்டுகளை டிஸ்க்கின் மேல் அமுக்கும் கலிப்பரைக் கழற்றி சீல் மாற்றினேன், அதிலும் குணம் இல்லை. கடைசியில் ஒரு வயதான மெக்கானிக், “தம்பி, ஒண்டையும் கழட்டாதீங்க, முதல்ல எயார் நிப்பிளைத் திறந்து பாருங்க” என்று, ஒயிலில் சேர்ந்த காற்றை வெளியேற்றக் கலிப்பரில் இருக்கும் சிறு திருகைக் காட்டிச் சொல்லித்தான் வழி பிறந்தது. இக்கட்டுரை முழுவதும் அந்த ஒரு சொல்லின் விரிவுதான். சில்லைப் பிடித்துக்கொண்டிருப்பது பைப்புக்குள் சிறைப்பட்ட ஒயில் அழுத்தமா, அல்லது எங்கோ சிக்கி நிற்கும் இரும்பா என்பதை முதலில் பிரித்தறியாமல் ஒரு பொருளையும் மாற்றக் கூடாது.

இது உண்மையில் கோளாறுதானா?

டிஸ்க் பிரேக்கில், ட்ரம்முக்குள் இருப்பதைப் போன்று சூவைப் பின்னுக்கு இழுக்கும் ஸ்பிரிங் கிடையாது. பேட்டைத் தள்ளும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சதுர வெட்டுடைய இறப்பர் சீல், பிரேக் மிதிக்கும்போது சற்று முறுகி, காலை எடுத்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்புகையில் பிஸ்டனையும் ஒரு மில்லிமீற்றருக்கும் மிகக் குறைவான தூரம் உள்ளே இழுத்துக்கொள்ளும். இவ்வளவுதான் அதன் விடுதலை. ஆகவே புதிய பேட் டிஸ்க்கை மெல்ல உரசிச் சன்னமான ஓசை எழுப்புவது இயல்பானது, அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. எஞ்சினின் இழுவிசை போகாத பின் சில்லு என்றால், கையால் வீசிச் சுழற்றும்போது ஏறத்தாழ ஒரு சுற்றாவது போக வேண்டும். இரு கைகளாலும் தள்ளினால்தான் நகர்கிறது என்றால் அது கோளாறு.

பின் சில்லு இழுக்கும் வாகனங்களில் இந்தச் சோதனை ஆளை ஏமாற்றும். இரண்டு பின் சில்லும் நிலத்தை விட்டு எழும்பி, கியர் நியூட்ரலில் இருக்கையில், ஒன்றைச் சுழற்றினால் இரண்டையும் இணைக்கும் டிபரன்ஷல் வழியாக மற்றச் சில்லோ நடுத் தண்டோ கூடவே சுழலும், அந்தப் பாரத்தைப் பிரேக்கின் பிடி என்று எண்ணிவிடக் கூடாது. சந்தேகம் இருந்தால் கலிப்பரின் இரண்டு போல்ட்டையும் கழற்றி, ஹோஸ் இழுபடாதவாறு கம்பியால் மேலே கட்டித் தொங்கவிட்டு, வெறும் சில்லைச் சுழற்றிப் பாருங்கள். அப்போதும் இறுக்கம் குறையவில்லை என்றால் பெயாரிங்கையோ டிபரன்ஷலையோ, டிஸ்க்கின் நடுவில் ஹான்ட் பிரேக் ட்ரம் இருந்தால் அதையோ பார்க்க வேண்டும். பேட் வெளியே இருக்கும் அந்த நேரத்தில் பெடலை யாரும் மிதித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

வீதியில் சோதிப்பதற்கு, காலையில் குளிர்ந்த வாகனத்தை எடுத்துப் பத்துக் கிலோமீற்றர் அளவுக்கு வழக்கம்போல ஓட்டி, கடைசித் துண்டில் பிரேக்கை மிதிக்காமல் தானாக உருண்டு நிற்க விட்டு, நான்கு டிஸ்க்கின் சூட்டையும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று இருந்தால் நல்லது. ஆனால் மினுங்கும் இரும்பில் அது சூட்டைக் குறைத்துக் காட்டும் என்பதால், எல்லாச் சில்லிலும் ஒரே மாதிரியான இடத்தைக் குறிவைத்து ஒன்றோடொன்றை ஒப்பிடுவதே பயன் தரும். வெப்பமானி இல்லாதவர் விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீரைத் தெளிக்கலாம். சொட்டு சீறி ஆவியானால் சூடு 100 பாகை செல்சியஸைத் தாண்டிவிட்டது என்று பொருள். வாளியால் ஊற்றுவது டிஸ்க்கையே கோணலாக்கிவிடும். நிற்பதற்கான வேலையில் பெரும்பங்கை முன் பிரேக்தான் செய்கிறது. எனவே முன் டிஸ்க்கை விடப் பின் டிஸ்க் சூடாக இருந்தால் அதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

அந்த நான்கு எண்களையும் பார்த்தாலே பாதி வழி தெரியும். ஒரு பின் சில்லு மட்டும் சூடு என்றால் காரணம் அந்தச் சில்லுக்கு அருகிலேயே, கலிப்பரிலோ, அது வழுக்கி நகரும் பின் (pin) எனும் கம்பியிலோ, அந்தப் பக்கத்து ஹான்ட் பிரேக் கேபிளிலோ இருக்கும். இரண்டு பின் சில்லும் சமமாகச் சூடு என்றால் இரண்டுக்கும் பொதுவான ஒன்றைத் தேட வேண்டும். முன் சில்லுகளும் சேர்ந்து பிடிக்கின்றன என்றால் பின்னால் போய்த் தேடாமல், மிதிக்கும்போது ஒயிலைப் பைப்புக்குள் தள்ளும் மாஸ்டர் பம்பையும் பெடலையும் பாருங்கள்.

ஜக்கில் ஏற்றும்போது

எங்கள் வளவுகள் பெரும்பாலும் மணல். மணலில் நேரடியாக ஜக் வைத்தால் அது புதைந்து சரியும். தடித்த பலகை ஒன்றைப் போட்டு அதன் மேல் ஜக்கை வைத்து, முன் சில்லுகளுக்கு இரு பக்கமும் கட்டை கொடுத்து, வாகனத்தை ஸ்டாண்டில் இறக்கிய பிறகே கீழே குனிய வேண்டும். ஸ்டாண்டுக்கும் பலகை வேண்டும். ஜக்கை மட்டும் நம்பி வாகனத்தின் கீழ் தலையை நீட்டுவது இந்தத் தொழிலில் பழகியவர்களும் செய்யும் தவறு, அதில் மட்டும் அவர்களைப் பின்பற்றாதீர்கள்.

நிப்பிளைத் திறக்கும் சோதனை

ஹான்ட் பிரேக்கை முழுவதும் இறக்கிவிட்டு, பெடலை நாலைந்து தடவை மிதித்து விட்டு, சில்லைச் சுழற்றிப் பாருங்கள். பிடிப்பு வரவில்லை என்றால், சூடான பிறகு மட்டும் வரும் கோளாறாக இருக்கலாம். அப்படியானால் ஓட்டிக் களைத்த கையோடு, சூடு ஆறுவதற்கு முன்னரே இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். சில்லு இறுகி நிற்கும் அந்த நேரத்தில், கலிப்பரின் எயார் நிப்பிளில் ஒரு தெளிவான பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறு முனையைப் போத்தலில் விட்டு, நிப்பிளைக் கால் சுற்று திறக்க வேண்டும்.

ஒயில் பீறிட்டு வந்து, அதே கணத்தில் சில்லு தளர்ந்தால், அழுத்தம் பைப்புக்குள் சிறைப்பட்டிருந்தது. அவ்வாறென்றால் கலிப்பர் குற்றவாளியல்ல, கழற்ற வேண்டாம். ஒயில் வெறுமனே கசிந்து, சில்லு அசையாமல் இறுகியே நின்றால், இரும்புதான் பிடித்திருக்கிறது. ஒயில் பீறியும் சில்லு தளரவில்லை என்றால் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. பழைய கலிப்பரை வாங்கிப் பூட்டியவர்களுக்கு இது நேர்வதுண்டு.

நிப்பிள் கலிப்பரின் மேற்பக்கத்தில் இருக்கிறதா என்பதையும் இந்த வேளையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கீழ்ப்பக்கம் இருந்தால் இடது கலிப்பர் வலதுக்கும் வலது இடதுக்கும் மாறிவிட்டது. அதனால் சில்லு பிடிக்காது, ஆனால் எத்தனை தடவை எயார் எடுத்தாலும் காற்று உள்ளேயே தங்கிப் பெடல் பஞ்சு மாதிரி இறங்கும்.

அழுத்தம் சிறைப்பட்டிருந்தால்

சில்லிலிருந்து பெடலை நோக்கி, ஒவ்வொரு இணைப்பாகத் திறந்துகொண்டு போவதுதான் முறை. ஒவ்வொரு தடவையும் முதலில் திறந்ததை இறுக்கி, பெடலை மிதித்துச் சில்லை மறுபடி பிடிக்க வைத்த பிறகே அடுத்த இணைப்புக்குச் செல்ல வேண்டும். பைப் நட்டுக்கு அதற்கென்று உள்ள, வாய் ஓரளவு மூடிய ஸ்பானரைப் பயன்படுத்துங்கள். சாதாரண ஸ்பானர் நட்டின் மூலையை உருட்டிவிடும், அதன் பிறகு பைப்பை வெட்டத்தான் வேண்டும்.

இரு பின் சில்லும் ஒரே அக்சிலில் பூட்டியிருக்கும் வான், பிக்அப், பழைய கார் ஆகியவற்றில் வாகனத்தின் அடிச்சட்டத்திலிருந்து அக்சிலுக்கு இறங்கும் இறப்பர் ஹோஸ் ஒன்றுதான் இரண்டு பின் சில்லுக்கும் ஒயில் கொடுக்கிறது. மாற்றம் செய்பவர்கள் கலிப்பர் ஹோஸைப் புதிதாகப் போட்டுவிட்டு, இந்த நடு ஹோஸை முப்பது வருடப் பழையதாகவே விட்டுவிடுவார்கள். வெளியே பார்த்தால் நல்லதுபோல் இருக்கும் அந்த ஹோஸின் உட்சுவர் பிரிந்து ஒரு மடல்போலத் தொங்கினால், காலின் பலத்தால் ஒயில் போய்விடும், ஆனால் திரும்பி வருவதற்கு அங்கே தள்ளும் சக்தி எதுவும் இல்லாததால் அப்படியே நின்றுவிடும். நிப்பிளைத் திறந்தால் சில்லு தளர்கிறது, ஆனால் ஹோஸின் முன் முனையில் உள்ள நட்டைத் திறந்தால் தளரவில்லை என்றால் ஹோஸ்தான் காரணம். புதிது போடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

ஹோஸின் முன் முனையைத் திறந்ததும் இரு சில்லும் தளர்ந்தால், மாஸ்டர் பம்பிலிருந்து பின்னுக்குச் செல்லும் பைப்பின் நட்டை, பம்ப் பக்கத்தில், திறந்து பாருங்கள். அங்கேயும் தளர்ந்தால் தடை பம்புக்குள் இருக்கிறது. அங்கே தளரவில்லை என்றால் இடையில் உள்ள பைப்பிலோ வால்விலோ அடைப்பு இருக்கிறது.

டிஸ்க் மாற்றத்துக்கே உரிய, பலரும் கேள்விப்படாத கோளாறு ஒன்று பம்புக்குள் இருக்கும். பழைய ட்ரம் வாகனங்கள் சிலவற்றில் பம்பின் வெளிவாயிலில், பைப்புக்குள் எப்போதும் சிறிதளவு அழுத்தத்தை மிச்சம் வைக்கும் வால்வு ஒன்று உண்டு. ட்ரம்முக்கு அது சதுர அங்குலத்துக்குப் பத்து இறாத்தல் அளவில் இருக்கும். சூவின் ஸ்பிரிங் அதை விடப் பலமானது என்பதால் அங்கே தொல்லை தராது. அதே பத்து இறாத்தல் 38 மில்லிமீற்றர் விட்டமுள்ள கலிப்பர் பிஸ்டனில் போனால், பேட்டின் முதுகில் ஏறக்குறைய 8 கிலோ பாரத்தை எந்நேரமும் வைத்த மாதிரி ஆகிவிடும். அந்த வால்வை எடுத்துவிட வேண்டும், அல்லது டிஸ்க்குக்குப் பொருந்தும் பம்பைப் பூட்ட வேண்டும். மொரிஸ் மைனர் போன்று மாஸ்டர் பம்ப் சாரதியின் காலடித் தளத்துக்குக் கீழே இருக்கும் வாகனங்களில் மட்டும், ஒயில் கலிப்பரிலிருந்து பம்புக்குத் தானாக வழிந்துவிடாமல் இருக்க, இரண்டு இறாத்தல் வால்வு ஒன்றைப் போடுவார்கள். பத்தையும் இரண்டையும் மாற்றிப் பூட்டிவிடாதீர்கள், இரண்டும் பார்வைக்குச் சிறிய பித்தளைத் துண்டுகள்தான்.

பம்பையே மாற்றியவர்களுக்கு வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. காலின் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டரிலிருந்து பம்பின் பிஸ்டனைத் தள்ளும் தண்டு, புதிய பம்பின் குழிக்கு ஒரு மில்லிமீற்றர் நீளமாக இருந்தாலே போதும், கால் பெடலில் இல்லாத போதும் பிஸ்டன் சற்று முன்னே நிற்கும். முன்னே நின்றால், ஒயில் தொட்டிக்குத் திரும்பும் ஊசித் துளை மூடிக்கொள்ளும். முதல் சில கிலோமீற்றரில் ஒன்றும் தெரியாது. பிறகு பேட்டின் சூட்டில் ஒயில் விரிந்து, போக இடமில்லாமல் அழுத்தம் ஏறி, அது இன்னும் பிடித்து, இன்னும் சூடாகி, கடைசியில் பெடல் மேலே எழும்பிக் கல்லு மாதிரி நிற்கும். நிழலில் அரை மணித்தியாலம் நிறுத்தி வைத்தால் எல்லாம் சரியாகிவிட்டது போல் இருக்கும். இந்த ஏறி இறங்கும் குணத்தை யாராவது சொன்னால், நான் முதலில் சந்தேகிப்பது தண்டைத்தான். அதிலும் முன் சில்லுகளும் கூடவே சூடாகியிருந்தால் ஏறத்தாழ உறுதி.

சோதிப்பது எளிது. சில்லு பிடித்திருக்கும்போது, பம்பைப் பூஸ்டரோடு இணைக்கும் இரண்டு நட்டையும் தளர்த்தி, பம்பை இரண்டு மூன்று மில்லிமீற்றர் முன்னுக்கு இழுங்கள். சில்லு தளர்ந்தால் தண்டு நீளம். தண்டின் நுனியில் இருக்கும் திருகைச் சற்று உள்ளே விட்டு, பெடலில் சிறிது சும்மா ஆட்டம் இருக்கும்படி வைக்க வேண்டும். பிரேக் லைட் சுவிட்ச் பெடலை முழுவதும் மேலே வர விடாமல் தடுத்தாலும் இதே விளைவு வரும், எனவே அதையும் பார்த்துவிடுங்கள். தண்டு சரி, வால்வும் இல்லை என்றால் துளையிலேயே அழுக்கு அடைத்திருக்கலாம். ஒயில் தொட்டியின் மூடியைத் திறந்து, இன்னொருவர் பெடலை மெதுவாக ஒரு அங்குலம் மிதிக்கும்போது, பல பம்புகளில் துளைக்கு மேலே சிறிய சுழி எழுவதைக் காணலாம். முகத்தைத் தொட்டிக்கு நேராக வைக்காதீர்கள், சில வேளை கண்ணுக்கே வரும்.

எஞ்சின் ஓடும்போது மட்டும் பிடித்து, எஞ்சினை நிறுத்திப் பெடலை ஐந்தாறு தடவை மிதித்ததும் விட்டுவிடுகிறது என்றால் பூஸ்டரின் உள் வால்வைச் சந்தேகிக்க வேண்டும். அதை வீட்டில் திறக்க வேண்டாம்.

பின் பிரேக்கின் பலத்தைக் குறைக்கும் வால்வு ஒன்று பல வாகனங்களில் உண்டு. பிக்அப்பிலும் வானிலும் அது அக்சிலோடு ஒரு கம்பியால் இணைந்திருக்கும். சில்லு பிடிக்கிறது என்றவுடன் அதைக் கழற்றி எறிந்துவிட்டு நேர் பைப் போடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. சில்லு பிடிப்பதற்கு அது காரணமாவது மிகவும் அரிது. அது இல்லாவிட்டாலோ, மாரி மழையில் நனைந்த வீதியில் பின் சில்லு முன் சில்லுக்கு முன்னரே பூட்டிக்கொண்டு வாகனம் சுழன்றுவிடும்.

இந்தத் தேடலின்போது தொட்டி மூடியின் இறப்பர் ஊதிப் பெருத்திருப்பதைக் கண்டால், அதோடு தேடலை நிறுத்திவிடலாம். யாரோ எஞ்சின் ஒயிலையோ வேறு கனிம எண்ணெயையோ ஊற்றியிருக்கிறார்கள். பம்ப் முதல் கலிப்பர் வரை ஒவ்வொரு சீலும் அப்படியே ஊதியிருக்கும், எல்லாவற்றையும் மாற்றுவதைத் தவிர வேறு வைத்தியம் கிடையாது. இறப்பர்ப் பாகங்களைப் பெற்றோலாலோ மண்ணெண்ணெயாலோ கழுவினாலும் இதே கதிதான்.

இரும்பு பிடித்திருந்தால்

என் கார் இந்த வகையில் சேர்ந்தது. கலிப்பரிலேயே ஹான்ட் பிரேக் சேர்ந்திருக்கும் அமைப்பு அது. கேபிள் இழுக்கும் சிறு நெம்பு, ஹான்ட் பிரேக் இறங்கியிருக்கும்போது தன் தரிப்பு முனையில் முட்டி நிற்க வேண்டும். எனக்கோ அந்த முனைக்கும் நெம்புக்கும் இடையில் சின்ன விரல் ஒன்று நுழையும் அளவு இடைவெளி இருந்தது. ட்ரம்முக்கென்று அளந்து செய்த பழைய கேபிளையே இழுத்துப் பூட்டியிருந்தார்கள். அதற்கு நீளம் போதவில்லை. வாகனத்தில் ஆள் ஏறிப் பின்பக்கம் தாழும்போது அது இன்னும் இழுபட்டது. தனியாக ஓட்டும் நாளில் குறைவாகவும், குடும்பத்தோடு போகும் நாளில் கூடுதலாகவும் ஏன் மணக்கிறது என்ற புதிர் அப்போதுதான் அவிழ்ந்தது.

ஆகவே கேபிளைச் சரிபார்க்கும்போது ஜக்கில் தொங்கும் நிலையில் ஒரு தடவையும், சில்லு நிலத்தில் பதிந்து ஆட்கள் ஏறிய நிலையில் ஒரு தடவையும் நெம்பைப் பாருங்கள். இரு நிலையிலும் அது முனையில் முட்ட வேண்டும். முறுக்கும் ஒழுங்கும் முக்கியம். முதலில் கேபிளை முற்றாகத் தளர்த்திவிட்டு, எஞ்சினை ஓடவிட்டுக் கால் பிரேக்கைப் பல தடவை மிதித்து, கலிப்பருக்குள் இருக்கும் தானியங்கிச் சரிசெய்யும் திருகைத் தன் இடத்துக்கு வர விட வேண்டும். அதன் பிறகுதான், நெம்பு முனையை விட்டு விலகாத அளவுக்குக் கேபிளை இறுக்கலாம். இதைத் தலைகீழாகச் செய்தால் உள்ளிருக்கும் திருகு ஒருபோதும் வேலை செய்யாது. இவ்வகைக் கலிப்பரின் பிஸ்டனைப் பேட் மாற்றும்போது கவ்வியால் அமுக்கித் தள்ளவும் கூடாது, சுழற்றியே உள்ளே விட வேண்டும். பிஸ்டன் முகத்தில் உள்ள பள்ளம் பேட்டின் முதுகில் உள்ள சிறு முளைக்கு நேராக வராவிட்டால் பேட் சரிந்து உட்கார்ந்து ஒரு பக்கமாக உரசும்.

ஹான்ட் பிரேக்குக்கென்று டிஸ்க்கின் நடுவில் சிறிய ட்ரம்மும் அதற்குள் குட்டிச் சூக்களும் இருக்கும் அமைப்பு என்றால், கலிப்பரைக் கழற்றிய பிறகும் டிஸ்க் இறுகியே நிற்கும். பின்தட்டில் உள்ள துளை வழியாகப் பல் சக்கரத்தைச் சுழற்றித் தளர்த்த வேண்டும்.

ஹான்ட் பிரேக் சரி என்றால் கலிப்பர் வழுக்கும் பின்களுக்கு வாருங்கள். கடற்காற்று படும் எங்கள் ஊர்களில், இறப்பர் உறை கிழிந்த பின் (pin) ஒன்று துருவேறி இறுகிப்போக அதிக காலம் எடுப்பதில்லை. அந்தப் பின் இறுகியிருந்தால் உள் பேட் ஒரு பக்கம் தேய்ந்து தீர்ந்திருக்க, வெளிப் பேட் புதிதாகவே இருக்கும். பின்னைக் கழற்றி, துரு நீக்கி, இறப்பருக்குத் தீங்கு செய்யாத சிலிக்கன் கிரீஸ் பூச வேண்டும். சில்லுப் பெயாரிங்குக்குப் பூசும் கிரீஸ் இதற்கு ஆகாது. பேட்டின் காதுகள், கலிப்பரையும் பேட்டையும் தாங்கும் பிடிதாங்கியில் விரலால் தள்ளும்போதே நகர வேண்டும். வெல்டிங் செய்து பெயின்ட் அடித்த தாங்கி என்றால், அந்தப் பெயின்ட்டின் தடிப்பே பேட்டை இறுக்கிவிடும். அரத்தால் சுரண்டி எடுங்கள்.

தாங்கியை உள்ளூரில் செய்வித்தவர்கள் அதன் நேர்மையை அளந்தே ஆக வேண்டும். பேட்டை எடுத்துவிட்டு, தாங்கிக்கும் டிஸ்க்குக்கும் இடையிலான தூரத்தை மேலே ஒரு இடத்திலும் கீழே ஒரு இடத்திலும் வேர்னியரால் அளந்து பாருங்கள். வேறுபாடு இருந்தால் கலிப்பர் கோணலாக நிற்கிறது. தகட்டு வொஷரால் சமப்படுத்தலாம், வேறுபாடு பெரிதென்றால் தாங்கியைத் திருப்பிச் செய்ய வேண்டும். சில்லு ஒரு சுற்றில் ஒரு இடத்தில் மட்டும் பிடித்து விடுகிறது என்றால் டிஸ்க்தான் ஆடுகிறது. அது புதிய டிஸ்க் என்றாலும், உட்காரும் முகத்தில் பழைய துருவின் செதில் ஒன்று ஒட்டியிருந்தாலே அந்த ஆட்டம் வந்துவிடும். கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு மறுபடி பூட்டிப் பார்த்த பிறகு டிஸ்க்கைக் குறை சொல்லலாம்.

பூட்டிய பிறகு

திறந்த இணைப்பு ஒவ்வொன்றையும் இறுக்கி, எயார் எடுத்து, போத்தலில் வடிந்த ஒயிலைத் திரும்ப ஊற்றாமல் புதியதை ஊற்றுங்கள். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 வகை ஒயில், புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை வரை கொதிக்காமல் தாங்க வேண்டியது, ஈரம் ஏறிய நிலையில் 155 பாகையிலேயே கொதித்துவிடலாம். பிடித்துக்கொண்டே ஓடிய கலிப்பருக்குள் இருந்த ஒயில் ஏற்கெனவே வெந்து கறுத்திருக்கும், அதை முற்றாக வடித்துவிடுவது நல்லது. பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுங்கள்.

பிறகு அதே வீதியில் அதே பத்துக் கிலோமீற்றர் ஓடி, அதே நான்கு சூட்டையும் அளந்து பழைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். கேபிளைப் புதிதாகப் போட்டிருந்தால் அது முதல் சில வாரங்களில் சற்று நீளும், ஹான்ட் பிரேக் முன்னையை விட இரண்டு கிளிக் மேலே வரும். அப்போது இறுக்கலாம், ஆனால் இறுக்குவதற்கு முன்னும் பின்னும் கீழே குனிந்து, அந்த நெம்பு முனையில் முட்டி நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.